ரெக்கார்டர் வந்தாரா, வந்ததா? மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த முதல் வருடம். லண்டனில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெரியவருக்கு நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதம், முகவர் வழியாக என்னிடம் வந்தது. ஒன்றரைப் பக்கம்தான். ராத்திரி பத்து மணிக்கு அனுப்பிவிட்டு, காலை எட்டுக்குள் வேண்டும் என்றார்கள். அதில் ஒரு வரி: வெள்ளிக்கிழமை ரெக்கார்டரால் உட்கார முடியாது, ஆகவே விசாரணை தள்ளிவைக்கப்படுகிறது.

அந்த 'உட்கார'வைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தேன். ஏதோ வெள்ளைக்காரன் பேச்சுவழக்கு என்று முடிவுகட்டி, 'பதிவுக் கருவி வெள்ளிக்கிழமை இயங்காது என்பதால் விசாரணை தள்ளிவைக்கப்படுகிறது' என்று எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனேன். மறுநாள் பெரியவர் தன் மகளிடம் கேட்டாராம்: "ஒரு மெஷின் ரிப்பேர்னு கேஸைத் தள்ளி வைப்பாங்களாம்மா? இவ்வளவு பெரிய ஊர்ல வேற மெஷின் இல்லையா?"

அந்த ரெக்கார்டர் ஒரு நீதிபதி. உட்காருவது என்றால் விசாரணை நடத்துவது.

அதற்குப் பிறகு இந்தச் சொல் எங்கே வந்தாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். நகரத்து நீதிபதி, பத்திர அலுவலகத் தலைவர், மரக்குழல், டேப், விமானத்தின் கறுப்புப் பெட்டி எல்லாமே ஆங்கிலத்தில் ஒரே ரெக்கார்டர்தான். புதிதாக வருபவர்கள் என்னைப் போல ராத்திரி பதினொரு மணிக்கு மாட்டிக்கொள்ளாமல் இருக்க, நான் பழகிவைத்திருக்கும் படிகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: திணையைக் கேளுங்கள்

ஆங்கிலத்தில் ஒரு வேலையைச் செய்பவருக்கும் செய்யும் பொருளுக்கும் ஒரே வால்தான். டைப்ரைட்டர் என்றால் இன்று பொறி. நூறு வருடங்களுக்கு முன்னால் அந்தப் பொறியில் தட்டச்சு செய்த பெண்ணையும் அதே பெயரில் அழைத்தார்கள். கம்ப்யூட்டர் என்பதும் முதலில் கணக்குப் போடும் ஆள்தான். அந்த மொழிக்கு ஆள், பொருள் என்ற கவலை வினையில் கிடையாது. 'முடியவில்லை' என்றால் ஆளுக்கும் முடியவில்லை, பெட்டிக்கும் முடியவில்லை.

தமிழ் அப்படி விடாது. 'வந்தார்' என்று எழுதுவதா, 'வந்தது' என்று எழுதுவதா என்று வாக்கியம் முடியுமுன் முடிவு செய்தாக வேண்டும். நமக்கு இது தொல்லை மாதிரித் தெரியும். உண்மையில் இதுதான் நம் கையில் இருக்கும் முதல் சோதனை. ஆங்கில வாக்கியத்தைப் படித்ததும் அகராதிக்குப் போகாதீர்கள். ரெக்கார்டர் என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, வாயால் இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள்: ரெக்கார்டர் நியமிக்கப்பட்டார், ரெக்கார்டர் நியமிக்கப்பட்டது. ரெக்கார்டரை அணைத்துவிட்டார்கள், ரெக்கார்டரை வரவேற்றார்கள். பக்கத்தில் இருக்கும் வினைகள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். நியமனம், ஓய்வு, உரை, தீர்ப்பு, உட்காருதல் என்று வந்தால் ஆள். ஊதுதல், துளை, விரல், சுருதி என்றால் குழல். போடுதல், அணைத்தல், மீட்டெடுத்தல் என்றால் கருவி.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தால் பதவியாக இருக்கக்கூடும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். மின்னஞ்சலில் எல்லாரும் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடிக்கிறார்கள். போதாததற்கு, ரெக்கார்டர் என்ற பெயரில் செய்தித்தாள்களும் உண்டு. 'ரெக்கார்டரில் இப்படி வந்திருந்தது' என்று பழைய கடிதம் ஒன்றில் பார்த்தால் அது ஊர்ப் பத்திரிகையா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஆள் என்றால், எந்த ஊர், எந்த வருடம்?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரே பதவிப் பெயர் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறு வேலையைக் குறிக்கிறது.

பழையதிலிருந்து தொடங்குவோம். லண்டன் நகரத்துக்கு ரெக்கார்டர் என்ற பதவி 1298 முதல் இருக்கிறது. அந்தக் காலத்தில் அவர் வேலை எழுதுவது இல்லை, நினைவில் வைத்திருப்பது. நகரத்தின் வழக்காறுகள், மேயரும் ஆல்டர்மேன்களும் (நகர மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள்) நடத்திய மன்றத்தில் நடந்தவை, கொடுத்த முடிவுகள் எல்லாம் சட்டம் தெரிந்த ஒருவர் மனதில் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நகரத்து வழக்கம் எது என்று மன்னரின் நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தால், ரெக்கார்டர் போய் நின்று வாயால் சொல்வார். அவர் சொன்னதே சான்று. ஏட்டைப் பிரித்துக் காட்டு என்று கேட்கமாட்டார்கள்.

நம் ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லைத் தகராறு வரும்போது, 'பெரியவரைக் கூப்பிடு, அவருக்குத் தெரியும், வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடிச்சுன்னு' என்பார்களே, கிட்டத்தட்ட அந்தப் பெரியவருக்குச் சம்பளமும் பட்டமும் கொடுத்த மாதிரி. பிற்பாடு இங்கிலாந்தின் மற்ற நகரங்களும் ஆளுக்கொரு ரெக்கார்டரை வைத்துக்கொண்டன. மெல்ல மெல்ல அவர் வழக்கும் விசாரிக்கத் தொடங்கினார், நீதிபதி ஆனார். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஆகவே இடைக்கால இங்கிலாந்தைப் பற்றிய நூலில் இந்தச் சொல் வந்தால் 'பதிவாளர்' என்று எழுதாதீர்கள். பதிவாளர் என்றதும் நம் வாசகருக்கு மேசையும் முத்திரையும் நினைவுக்கு வரும். 'நகர ரெக்கார்டர்' என்று வைத்து, முதல் இடத்தில் மட்டும் 'நகரத்தின் வழக்காறுகளை நினைவில் காத்துச் சான்று சொல்லும் சட்ட அதிகாரி' என்று ஒரு தொடர் சேர்த்துவிடுங்கள். சிலருக்குச் சோழர் கல்வெட்டிலிருந்து 'திருமந்திர ஓலை நாயகம்', 'வரிப்பொத்தகம்' என்று அழகான பதவிப் பெயர்களை எடுத்துவந்து ஒட்ட ஆசை வரும். எனக்கும் வந்திருக்கிறது. அவர்கள் ஓலையிலும் ஏட்டிலும் எழுதிய அதிகாரிகள். லண்டன்காரர் எழுதாதவர். தவிர, தேம்ஸ் நதிக்கரையில் ஓலைநாயகம் நடந்துவந்தால் வாசகர் சிரிப்பார்.

அடுத்து இன்றைய இங்கிலாந்தும் வேல்ஸும். 1971ஆம் ஆண்டின் நீதிமன்றச் சட்டம் பழைய அமைப்பைக் கலைத்துவிட்டு, 1972 முதல் பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் ரெக்கார்டர் என்றால் பகுதிநேர நீதிபதி. மற்ற நாட்களில் அவர் வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டிருப்பார். வருடத்தில் சில வாரங்கள் நீதிபதி இருக்கையில் அமர்வார். எனக்கு வந்த கடிதத்தில் இருந்தவர் இவர்தான். இப்போது அந்த வரியை 'வழக்கை விசாரிக்கும் பகுதிநேர நீதிபதி (ரெக்கார்டர்) வெள்ளிக்கிழமை அமர்வு நடத்த இயலாததால்' என்று எழுதுவேன்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'லண்டனின் ரெக்கார்டர்', 'மான்செஸ்டரின் ரெக்கார்டர்' என்று ஊர்ப் பெயரோடு சேர்ந்து வந்தால், இன்றைய நிலையில் அவர் பகுதிநேரம் கிடையாது. அந்த நகரத்து நீதிமன்றத்தில் மூத்த, முழுநேர நீதிபதி. லண்டன்காரர் ஓல்டு பெய்லி என்ற குற்றவியல் நீதிமன்றத்தில் அமர்கிறார். ஆக, ஊர்ப் பெயர் ஒட்டியிருந்தால் 'பகுதிநேர' என்பதை எடுத்துவிடுங்கள். கௌரவமான மனிதரைப் பகுதிநேரம் ஆக்கிவிட்டால் அது மொழிபெயர்ப்புப் பிழை மட்டுமாக நிற்காது.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னைக்கும் ஒரு ரெக்கார்டர் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. கும்பெனி ஆட்சியில் முதலில் மேயர் நீதிமன்றம் இருந்தது. சட்டம் படிக்காத வணிகர்கள் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1798இல் அதை மாற்றி ரெக்கார்டர் நீதிமன்றம் வந்தது. மேயரும் ஆல்டர்மேன்களும் கூட உட்கார்ந்தாலும், சட்டம் தெரிந்த தலைமை ரெக்கார்டருடையது. முதல் ரெக்கார்டர் சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச். அதற்கு முன் இன்றைய கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியாவில் தலைமை நீதிபதியாக இருந்தவர். மூன்றே வருடம்தான். 1801இல் உச்ச நீதிமன்றம் என்ற பெயரில் புதிய மன்றம் வந்தது, ஸ்ட்ரேஞ்சே அதன் தலைமை நீதிபதி ஆனார். இன்றைய உயர் நீதிமன்றம் வந்தது 1862இல்.

அந்த மூன்று வருடத்துச் சொத்து ஆவணம் ஏதாவது உங்கள் கையில் வந்து, அதில் 'ரெக்கார்டர் முன்பாக' என்று இருந்தால் அது பத்திரப் பதிவு இல்லை, நீதிமன்ற நடவடிக்கை. பம்பாயிலும் 1798இலேயே இதே போல ஒன்று வந்து, கால் நூற்றாண்டு நீடித்தது. பினாங்கில் 1807ஆம் ஆண்டின் சாசனத்தின்படி ஏற்பட்ட நீதிமன்றத்துக்கும் ரெக்கார்டர்தான் நீதிபதி. 1826இல் அதன் எல்லை சிங்கப்பூர், மலாக்கா வரை விரிந்தது. கடல் தாண்டிப் போன சோலியா (தமிழ் முஸ்லிம்) வணிகர்களின் உயில், கடன் வழக்குகளைத் தேடுகிறவர்கள் அங்கே இந்தப் பெயரைச் சந்திப்பார்கள். இங்கெல்லாம் 'ரெக்கார்டர் நீதிமன்றம்' என்று பெயரை அப்படியே விடுவதே சரி. வரலாற்றில் அது ஒரு குறிப்பிட்ட மன்றத்தின் பெயர்.

அமெரிக்கா முற்றிலும் வேறு கதை. அங்கே கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) ரெக்கார்டர் என்றால் நிலப் பத்திரம், அடமானம் போன்றவற்றை வாங்கிக் கோப்பில் சேர்த்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் அதிகாரி. கலிஃபோர்னியா, ஓஹாயோ, பென்சில்வேனியா ஆவணங்களில் அடிக்கடி வரும். வேறு சில மாநிலங்களில் இதே வேலைக்கு ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் என்றோ கவுண்டி கிளார்க் என்றோ பெயர். அடிமையாகப் பிறந்து, பெரும் பேச்சாளராக உயர்ந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1881 முதல் 1886 வரை வாஷிங்டனில் இந்தப் பதவியில் இருந்தார்.

சார் பதிவாளர் என்று போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. நம் சார் பதிவாளர் அரசு ஊழியர். ஓஹாயோ ரெக்கார்டர் வாக்குக் கேட்டு ஜெயித்து வருகிறவர். அதைவிட முக்கியமான வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி இங்கே நூறு ரூபாய்க்கு மேற்பட்ட நிலத்தின் கிரயப் பத்திரம் பதிவானால்தான் செல்லும். அமெரிக்காவில் பத்திரம் கைமாறினாலே வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே உரிமை மாறிவிடும். ரெக்கார்டரிடம் கொண்டுபோவது ஊருக்குத் தெரியப்படுத்த, அதாவது அதே நிலத்தை இன்னொருவருக்கு விற்காமல் தடுக்க. 'பதிவு செய்யப்படாத பத்திரம்' என்று நீங்கள் எழுதினால் மதுரையில் இருக்கும் அண்ணன் அதைச் செல்லாத காகிதம் என்று எடுத்துக்கொள்வார். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கும் தம்பிக்கு அது செல்லுபடியாகும் காகிதம். குடும்பச் சண்டைக்கு அது போதும். நான் 'கவுண்டி ஆவணப் பதிவாளர்' என்று எழுதிவிட்டு, முதல் இடத்தில் ஒரு அடிக்குறிப்புப் போடுகிறேன். 'மாவட்டப் பதிவாளர்' என்றும் போடாதீர்கள். அது தமிழ்நாட்டில் உண்மையாகவே இருக்கும் வேறு பதவி. வாசகர் இலங்கைக்காரர் என்றால் 'காணிப் பதிவாளர்' அவருக்கு உடனே புரியும். ஆனால் அதுவும் அவர் ஊர் அதிகாரியைத்தான் நினைவூட்டும், அடிக்குறிப்பு வேண்டும்.

மூன்றாம் படி: பொருள் என்றால், 1860ஐ வைத்துப் பிரியுங்கள்

பொருள் என்று தெரிந்துவிட்டால் என் கைக்கணக்கு இது: உரை 1860க்கு முந்தையது என்றால் அநேகமாகக் குழல், பிந்தையது என்றால் குழலா கருவியா என்று மேலும் பார்க்க வேண்டும். கருவிக்கு இந்தப் பெயர் வந்தது தந்திக் காலத்தில். கடலடிக் கம்பி வழியாக வரும் மெலிந்த சமிக்ஞையைக் காகித நாடாவில் மையால் கோடாக இழுக்கும் ஒரு கருவியை வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1867இல் அமைத்தார். சைஃபன் ரெக்கார்டர் என்று அதற்குப் பெயர். அதற்கு முன்னால் இந்தப் பெயரில் பெரும்பாலும் ஊதத்தான் முடியும்.

குழலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் அதிகம் சறுக்குவது இங்கேதான். இலங்கைப் பள்ளிகளிலும் சென்னையில் மேற்கத்திய இசை கற்பிக்கும் சில பள்ளிகளிலும் பிள்ளைகள் கையில் வெளிர்மஞ்சள் நிற பிளாஸ்டிக் குழல் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுதான். ஒன்றை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பது நல்லது, விலை பெரிதாக இருக்காது.

வாய் வைக்கும் முனை பறவை அலகு போலச் சரிந்திருக்கும். அந்த முனைக்குள் ஒரு கட்டை அடைத்திருக்கும். கட்டைக்கு மேலே தகடு போல மெல்லிய இடைவெளி. ஊதும் காற்று அந்த இடைவெளி வழியாகப் போய், சற்றுத் தள்ளி வெட்டியிருக்கும் ஒரு கூர்விளிம்பில் மோதி ஒலிக்கிறது. திருவிழாக் கடை விசிலும் இப்படித்தான். புல்லாங்குழலில் உதட்டைக் குவித்து, காற்றைச் சரியான கோணத்தில் துளையின் விளிம்பில் செலுத்த மாதக்கணக்கில் பழக வேண்டும். இதில் சும்மா மூச்சுவிட்டாலே சத்தம் வரும். வேகமாக ஊதினால் வீல் என்று கத்தும்.

புல்லாங்குழலைப் பக்கவாட்டில் பிடிக்கிறோம். இதை ஷெனாய் போல நேராக முன்னால் பிடிக்க வேண்டும். மேல்புறம் ஏழு துளை. பின்புறம் ஒன்று, அது இடது கைப் பெருவிரலுக்கு. மேல் ஸ்தாயிக்குப் போக அந்தப் பெருவிரல் துளையைப் பாதி மட்டும் திறப்பார்கள். நம் புல்லாங்குழலில் பெருவிரலுக்குத் துளையே இல்லை, அது குழலைத் தாங்கிக்கொண்டு சும்மா இருக்கும்.

இந்தப் பெருவிரலை மறக்காதீர்கள், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை யாராவது உங்களிடம் கொடுத்தால் உதவும். மூன்றாம் அங்கத்தில் நடிகர்கள் ரெக்கார்டர்களோடு வருவார்கள். ஹாம்லெட் ஒன்றை வாங்கி, தன்னை வேவு பார்க்க வந்த பழைய நண்பனிடம் நீட்டி ஊதச் சொல்வான். எனக்குத் தெரியாதே என்பான் அவன். பொய் சொல்வதைப் போலச் சுலபம்தான், துளைகளை விரலாலும் பெருவிரலாலும் மூடித்திற, வாயால் மூச்சைக் கொடு என்பான் ஹாம்லெட். இந்தக் குழலையே உன்னால் வாசிக்க முடியவில்லை, என்னை வாசித்துவிடலாம் என்று நினைத்தாயா என்று கடைசியில் கேட்பான். இதில் 'புல்லாங்குழல்' என்று போட்டுவிட்டால் பெருவிரல் அந்தரத்தில் நிற்கும். கேலியின் கூர்மையும் மழுங்கும். ஏனென்றால் எடுத்ததும் சத்தம் வருகிற குழல் என்பதால்தானே அந்தக் கிண்டல்? புல்லாங்குழல் எடுத்ததும் வாசிக்க வராது என்பது நம் வாசகருக்கு நன்றாகத் தெரியும், நண்பன் பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்துவிடுவார்.

சரி, என்ன பெயர் வைப்பது? 'ஊதுகுழல்' வேண்டாம். அது அடுப்பு ஊதுவது. அரசியல் பக்கத்தில் அது வேறு பொருளும் எடுத்துவிட்டது, கட்சியின் ஊதுகுழல் என்று. மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது ஒரு நல்ல பழக்கம். ஜெர்மன்காரர்கள் உள்ளே இருக்கும் கட்டையைப் பார்த்துக் கட்டைக்குழல் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் முனையைப் பார்த்து அலகுக்குழல் என்றார்கள். இத்தாலியர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இன்குழல் என்றார்கள். 'அலகுக்குழல்' எனக்குப் பிடித்தது. கதையிலும் நாடகத்திலும் அதைப் போட்டு ஒருமுறை விளக்கிவிட்டால் வாசகர் பிடித்துக்கொள்வார். பள்ளிப் பாடத்திலும் தேர்வுத் தாளிலும் 'ரெக்கார்டர்' என்றே விடுங்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்தான் தெரியும். இலங்கையில் 'ரெக்கோடர்'.

இசைக் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து இசைத்தாள்களில் வெறுமே 'ஃப்ளாவ்தோ' என்றிருந்தால் பெரும்பாலும் இந்தக் குழல். பக்கவாட்டுக் குழலுக்கு 'த்ராவெர்ஸோ' என்று சேர்த்து எழுதுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்கவாட்டுக் குழல் வென்றுவிட்டது, இது மறைந்தே போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்னால்ட் டால்மெட்ச் என்பவர் இங்கிலாந்தில் பழைய குழல்களைப் பார்த்து மறுபடி செய்யத் தொடங்கினார். பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு வந்தது, பிளாஸ்டிக்கும் ஆனது.

நான்காம் படி: வேரைப் பாருங்கள், ஆனால் ஒரு நிமிடம்தான்

நீதிபதிக்கும் குழலுக்கும் எப்படி ஒரே பெயர்? மூலத்தைத் தேடினால் இலத்தீனில் நிற்கிறது. 'கோர்' என்றால் நெஞ்சு. 'ரெ' என்றால் மறுபடி. மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருவது, நினைவுகூர்வது 'ரெகொர்தாரி'. ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் இன்றுவரை இந்த வினைக்கு நினைவுகூர்தல் என்றுதான் பொருள். பழைய பிரெஞ்சில் அது இன்னும் கொஞ்சம் நகர்ந்து, மனதில் இருப்பதைத் திரும்பச் சொல்லுதல், மனப்பாடம் செய்தல் என்று ஆனது. நார்மானியர்களோடு இங்கிலாந்துக்குப் போனது.

இதற்குத் தமிழில் ஒரே சொல் தேடி நான் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டிலேயே கிடந்தது: ஒப்பித்தல். நேற்று நடத்திய பாடத்தை வாத்தியார் முன்னால் கைகட்டி நின்று சொன்னோமே, அது. ரெக்கார்டர் என்றால் ஒப்பிப்பவர். லண்டன்காரர் நகரத்து வழக்கத்தை ஒப்பித்தார். குழல்காரர் பாட்டை ஒப்பித்துப் பழகினார். பழைய ஆங்கிலக் கவிதையில் பறவை பாடுவதற்கும் இந்த வினை வரும். குஞ்சுப் பறவை முழுப் பாட்டு வருமுன் முணுமுணுத்துப் பழகுவதை இங்கிலாந்துப் பறவை பிடிப்பவர்கள் 'ரெக்கார்டிங்' என்றுதான் சொன்னார்கள் என்று டெய்ன்ஸ் பாரிங்டன் 1773இல் எழுதியிருக்கிறார். குழலுக்குப் பெயர் வந்தது இந்தப் பக்கத்திலிருந்து. பின்னாளில் நான்காம் ஹென்றி மன்னரான டெர்பி பிரபுவின் 1388ஆம் ஆண்டு வீட்டுக் கணக்கில் வாங்கிய ஒரு குழலைத்தான் பெயருக்கு முதல் சான்றாக வழக்கமாகக் காட்டுவார்கள். கருவியோ எல்லாருக்கும் கடைசியாக வந்து, பெயரை முழுசாகக் கவர்ந்துகொண்டது. 'டேப் ரெக்கார்டர் மாதிரி ஒப்பிக்கிறான்' என்று பிள்ளையைத் திட்டும் வாத்தியாருக்கு, தான் ஒரே சொல்லை இரண்டு முறை சொல்கிறோம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வேர் தேடும்போது ஒலியை நம்பாதீர்கள். ரெக்கார்டில் இருக்கும் 'கார்டு' கயிறும் இல்லை, வீணைத் தந்தியும் இல்லை, அவை கிரேக்கத்திலிருந்து வந்த வேறு சொல். வேர் உங்களுக்குப் புரிவதற்கு. அதை வாக்கியத்தில் ஏற்றி, இன்றைய நீதிபதியை 'நெஞ்சில் நிறுத்துபவர்' என்று எழுதினால் முகவர் அடுத்த வேலை தரமாட்டார்.

ஐந்தாம் படி: கருவி என்றால், எதைப் பதிகிறது?

இங்கே சிக்கல் குறைவு. குரலையா, படத்தையா, வேறு எதையா என்று பார்த்துப் பெயரை முன்னால் சேர்த்தால் போதும்: ஒலிப்பதிவுக் கருவி, ஒளிப்பதிவுக் கருவி. ஆனால் பாத்திரம் பேசும்போது இந்தச் சொற்களை வாயில் திணிக்காதீர்கள். எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து வந்த மாமா கொண்டுவந்தது டேப் ரெக்கார்டர், இல்லாவிட்டால் டூ இன் ஒன். ஊருக்குள் வெறும் 'டேப்பு'. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மகன் கேசட்டில் பேசி அனுப்புவான், அவளும் பதிலுக்குப் பேசி, அழுது, நடுவில் கோழி கூவுவதோடு சேர்த்து அனுப்புவாள். அந்தக் காட்சியில் 'ஒலிப்பதிவுக் கருவி' வந்தால் அம்மா காணாமல் போய்விடுவாள்.

விமானத்தில் இரண்டு உண்டு. ஒன்று உயரம், வேகம் போன்ற தரவைப் பதிவது, மற்றொன்று விமானி அறைப் பேச்சைப் பதிவது. செய்தியில் கறுப்புப் பெட்டி என்று சேர்த்துச் சொல்லலாம், விசாரணை அறிக்கையில் பிரித்தே எழுத வேண்டும். பெட்டியின் நிறம் என்னவோ பளிச்சென்ற ஆரஞ்சு.

வானிலை ஆவணங்களில் 'சன்ஷைன் ரெக்கார்டர்' வந்தால் மின்சாரக் கருவி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் வளைந்த ஒரு அட்டை, அவ்வளவுதான். வெயில் உருண்டை வழியாகக் குவிந்து அட்டையைச் சுட்டுக்கொண்டே போகும். மேகம் மறைத்த நேரத்தில் கருகல் கோடு அறுந்திருக்கும். சாயங்காலம் அட்டையை எடுத்துக் கோட்டை அளந்தால் அன்றைக்கு எத்தனை மணிநேரம் வெயில் என்று தெரியும். 'வெயில் நேரப் பதிவுக் கருவி' என்று எழுதுகிறேன். 'ஒளிப்பதிவு' என்ற சொல் பக்கத்தில் வந்தால் கேமரா ஆகிவிடும்.

ஆறாம் படி: குறித்துவையுங்கள், சந்தேகம் என்றால் கேளுங்கள்

ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: வாக்கியம், நாடும் ஆண்டும், திணை, நான் போட்ட தமிழ். முதல் இரண்டும் இல்லாமல் கடைசிப் பத்தியை மட்டும் எழுதிவைத்த பட்டியல்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஒன்றுக்கும் உதவவில்லை.

சில நேரம் வாக்கியமே போதாது. சமீபத்தில் ஒரு அருங்காட்சியகப் பட்டியல் வந்தது. ஒரு வரிசையில் இவ்வளவுதான்: ரெக்கார்டர் ஒன்று, பெட்டியுடன், பழுதுற்றது. ஆண்டு இல்லை, அளவு இல்லை. முன்னும் பின்னும் இசைக்கருவிகள். அலகுக்குழல் என்று போட விரல் துடித்தது. நிறுத்திவிட்டு இரண்டு வரி எழுதிக் கேட்டேன்: வரிசையில் உள்ள ரெக்கார்டர் ஊதும் குழலா, பதியும் கருவியா? முடிந்தால் ஒரு படம் அனுப்புங்கள்.

பத்து நிமிடத்தில் படம் வந்தது. சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி, மூடியைத் திறந்தால் இரண்டு சிறு உருளை, அவற்றில் தலைமுடி போல மெல்லிய எஃகுக் கம்பி சுற்றியிருந்தது, பாதியில் அறுந்து சுருண்டு கிடந்தது. காந்த நாடா பரவலாவதற்கு முன், கம்பியிலேயே குரலைப் பதிந்த கருவி. டென்மார்க்கின் வால்டமார் பவுல்சன் 1898இல் கண்ட முறை, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகும் சில வருடம் வீடுகளுக்கு விற்றார்கள். கடைசிப் பத்தியில் 'கம்பி ஒலிப்பதிவுக் கருவி, பெட்டியுடன், கம்பி அறுந்தது' என்று எழுதி அனுப்பினேன்.